புல்லுருவி என்று சொல்லி எரித்த செடி

இதுவரை ஆறு ஆர்க்கிட் செடிகள் என் கையால் செத்திருக்கின்றன. அவற்றில் ஐந்து காசு கொடுத்து வாங்கியவை, அல்லது யாராவது வாங்கிக் கொடுத்தவை. எந்த மாதம் வந்தது, எந்த மாதம் குருத்து அழுகியது என்று கேட்டால் சொல்வேன்; சொல்லும்போது சிரிப்புக்கூட வரும். ஆறாவதைச் சொல்லும்போது சிரிப்பு வருவதில்லை. வரிசைப்படி பார்த்தால் அதுதான் முதலாவது. அதை நான் வாங்கவில்லை, வளர்க்கவில்லை, ஒருநாள்கூடத் தண்ணீர் ஊற்றியதில்லை. எங்கள் வீட்டில் அது எத்தனை வருடம் இருந்தது என்றுகூடத் தெரியாது. அதன் கடைசி நாள் மட்டும் தெரியும்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையேறியது. கடலூர்க்காரர்களுக்கு அந்தக் காலையை நான் விவரிக்க வேண்டியதில்லை; வீட்டுக்கு வீடு ஒரு மரக்கதை இருக்கிறது. எங்கள் கதை, திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக் கொல்லையில் நின்ற மாமரம். தாத்தா வீடு கட்ட வந்தபோதே நின்ற மரமாம். வேரோடு பெயர்ந்து, கிணற்றுச் சுவரை இடித்துக்கொண்டு படுத்திருந்தது. அந்த வாரம் ஊரில் ரம்பமும் கோடரியும் வைத்திருந்தவர்களுக்கு இருந்த மதிப்பு கலெக்டருக்குக்கூட இருந்திருக்காது. எங்களுக்குக் கிடைத்தவர் பண்ருட்டிப் பக்கத்து மனிதர். தன் முந்திரி மரங்கள் எல்லாம் தரையோடு கிடக்க, கூலிக்கு அடுத்தவர் வீட்டு மரத்தை அறுக்க வந்திருந்தார்.

உச்சிக்குப் பக்கத்துக் கிளை ஒன்றைத் தறித்துப் புரட்டியபோது அதில் ஏதோ பின்னிக்கிடந்தது. சுண்டுவிரல் தடிமனில் சாம்பல் நிற வேர்கள், கிளையைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தன. நடுவில் இரண்டு வரிசையாக நீண்ட இலைகள், வாய்க்கால் போலக் குழிந்தவை. ஒவ்வோர் இலையின் நுனியும் எலி கடித்துவிட்டுப் போனது போலக் கோணலாக இருந்தது. “புல்லுருவி அக்கா. இது பிடித்த மரம் எப்படி நிற்கும்?” என்றார் அவர். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அறுபது எழுபது வருடம் நின்ற மரம் ஒரே காலையில் விழுந்ததற்குக் காற்றைத் தவிர இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது. “எடுத்துப் போட்டுவிடுங்கள் அண்ணே” என்றேன். அவர் அரிவாள் முனையால் நெம்பினார். பட்டைத் துணுக்குகளோடு அது சுலபமாகவே வந்துவிட்டது. சருகோடு சேர்த்துக் கொளுத்தினோம். அந்த வேர்கள் நெருப்பில் சீறியது மட்டும் காதில் இருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு வந்த கதை.

குளிர் நாட்டுக்கு எழுதிய குறிப்புகள்

2016இல் எங்கள் திருமண நாளுக்குத் தம்பி புதுச்சேரியிலிருந்து ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் ஒன்றை வாங்கி வந்தான். வெள்ளைப் பூக்கள், ஒரே தண்டில் ஒன்பது. பட்டாம்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும். எழுபது நாள் வாடவில்லை. தெருவில் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்து, பிளாஸ்டிக் என்று பந்தயம் கட்டினார்கள். எழுபத்தோராம் நாள் முதல் பூ உதிர்ந்தது. அதன்பிறகு இரண்டு வருடம் அந்தச் செடி இலையை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது.

நான் படிக்கத் தொடங்கினேன். படித்ததையெல்லாம் செய்தேன். வாரத்துக்கு மூன்று பனிக்கட்டி வைத்தால் போதும் என்று ஓரிடத்தில் இருந்தது, வைத்தேன். அம்மா வந்து, “செடிக்கு ஜூஸ் போடுகிறாயா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். வெளிச்சமான ஜன்னல் ஓரம் வை என்றிருந்தது. எங்கள் மேற்கு ஜன்னலில் வைத்ததில் பங்குனிக்குள் இரண்டு இலை வெந்துபோனது. பூந்தண்டு வர வேண்டுமானால் குளிர வேண்டும் என்று தெரிந்ததும், படுக்கையறைக்குக் கொண்டுவந்து ஏசியை 22இல் வைத்தேன். கணவர் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள், “அதற்கும் ஒரு போர்வை போர்த்திவிடேன்” என்றார். ஐந்தாவது வாரம் தண்டு வந்தது. நான் ஜெயித்துவிட்டதாகத் துள்ளினேன். தண்டில் ஆறு மொட்டு. ஏசிக் காற்றின் வறட்சியில் ஆறும் மஞ்சளாகி, ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்தன. அந்த வருடம் ஐப்பசியில் வெளியே வைத்த செடியின் குருத்துக்குள் மழைநீர் தேங்கியது. மூன்றே நாளில் நடு இலை கையோடு வந்துவிட்டது. குருத்து ஒன்றுதான் அதற்கு வளரும் முனை. அது அழுகினால் முடிந்தது.

இதில் செடியின் குற்றம் எதுவுமில்லை, குறிப்புகளின் குற்றமும் இல்லை. ஃபலனாப்சிஸ் வெப்பத்துக்குப் பயப்படும் செடியன்று, பிலிப்பைன்ஸ், தைவான் பக்கத்துக் காடுகளில் வருவது. ஆனால் பூக்கும் முடிவை அது குளிரைப் பார்த்து எடுக்கிறது. பெரிய பண்ணைகளில் இதை வைத்தே வியாபாரம் நடக்கிறது. 28 டிகிரிக்கு மேல் வைத்திருந்து இலையை மட்டும் வளர்ப்பார்கள். பூ வேண்டிய மாதத்தைக் கணக்கிட்டு 25க்குக் கீழே இறக்குவார்கள், தண்டு கிளம்பும். எங்கள் மொட்டைமாடித் தெர்மாமீட்டர் வைகாசி இரவுகளில் 28க்குக் கீழே இறங்கியதே இல்லை. மார்கழியும் தையும்தான் எங்களுக்குக் கிடைக்கிற குளிர், அதுவும் 21, 22. அந்த இரண்டு மாதத்துக்குள் அது மனது வைத்தால் உண்டு. புதுச்சேரியில் தோழி ஒருத்தி பழைய வீட்டு முற்றத்தில் வருடம் தவறாமல் பூக்க வைக்கிறாள். அது அவள் கையா, அந்த முற்றமா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. நான் மேலும் நான்கு வாங்கினேன். ஒன்று தொட்டியில் அடைத்த பாசியில் மூச்சு முட்டிச் செத்தது, இரண்டு கோகோபீட் என்ற தென்னை நார்த்தூளில் அழுகின. நான்காவது எப்படிச் செத்தது என்பதைச் சொல்ல எனக்கே வெட்கம். ஊருக்குப் போகும்போது காரில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

கடித்த நுனி

2019 பிப்ரவரியில் புதுச்சேரி மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நர்சரியில் நுழைந்தேன். இன்னொரு ஃபலனாப்சிஸ் வாங்கும் எண்ணம்தான். பச்சை வலைக் கூரையின் கீழ் கம்பியில் வரிசையாக மரச்சட்டக் கூடைகள் தொங்கின. உள்ளே மண் இல்லை, கரி இல்லை, ஒன்றுமே இல்லை. செடி காற்றில் நின்றது. வேர்கள் கூடையிலிருந்து வழிந்து ஒரு முழம், இரண்டு முழம் என்று தொங்கின. வாண்டா என்றார்கள். உள்ளங்கை அகல ஊதாப் பூ, விலை 1,400 ரூபாய். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நர்சரிப் பெரியவர் குழாயைத் திறந்து தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிற வேர்கள் என் கண் முன்னால் பச்சையாக மாறின. நனைந்து முடிவதற்குள் மாறிவிட்டன.

எங்கோ பார்த்த வேர் என்று அப்போதே தோன்றியது. ஆனால் பொறி தட்டியது அதனால் அல்ல. வரிசையின் கடைசியில், பூ இல்லாமல், யாரும் பார்க்காத மூலையில் ஒரு சின்னச் செடி ஓட்டுத்துண்டில் கட்டியிருந்தது. அதன் இலை நுனியைத் தொட்டேன். எலி கடித்தது போலக் கோணல். பூச்சி விழுந்ததா என்று பெரியவரைக் கேட்டேன். “இல்லைம்மா, அதன் இலையே அப்படித்தான். இது நம் ஊர்ச் செடி. மாமரத்தில் வரும், பனையில்கூட வரும். பூ பளிச்சென்று இருக்காது, அதனால் யாரும் வாங்குவதில்லை. வாசனைக்காக வைத்திருக்கிறேன்” என்றார்.

மாமரத்தில் வரும் என்று அவர் சொன்ன பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. கொஞ்ச நேரம் அந்த இலையைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். தம்பி ஹாரன் அடித்தான். ஏழு வருடத்துக்கு முன் கொல்லையில் அரிவாள் முனையில் புரண்டது, சருகுக்குள் சீறியது, எல்லாம் அந்தக் கோணல் நுனியில் இருந்தது. இடையில் நான் பனிக்கட்டி வைத்தது, ஏசி போட்டது, காசைக் கரியாக்கியது வேறு. ஆர்க்கிட் நம் ஊருக்கு ஒத்துவராத செடி என்று போகிற இடமெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அதை 250 ரூபாய்க்கு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே கடலூர் வந்து சேர்ந்தேன்.

அதன் பெயர் வாண்டா டெசலேட்டா. சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் படம் வரையச் செய்து வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பர்க், 1795இலேயே இதைப் படத்தோடு பதிவு செய்திருக்கிறார். டெசலேட்டா என்றால் கட்டம் கட்டமாக என்று பொருள். பூவிதழில் பழுப்புக் கோடுகள் கட்டம் போட்டது போல ஓடும். வாண்டா என்பது அதைவிடச் சுவாரசியம். அது லத்தீன் அன்று, மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த பெயர். மரத்தில் ஒட்டி வளர்வதற்கெல்லாம் வழங்கிய அந்தச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைக்கும் பொருள், புல்லுருவி. என்னைக் குடைந்துகொண்டிருந்த சொல்லே அதன் பெயராக இருந்ததைப் பார்த்தபோது இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பண்ருட்டி அண்ணனும் வில்லியம் ஜோன்ஸும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. உண்மையான புல்லுருவி மாமரத்துக்குச் செய்வதைப் பார்த்தவர் அவர். பறவை தின்ற பழத்தின் பசை விதை கிளையில் ஒட்டிக்கொள்ளும். முளை பட்டையைத் துளைத்து மரத்தின் கட்டைக்குள் இறங்கி, நீரையும் சத்தையும் உறிஞ்சும். பிடித்த இடம் முண்டு முண்டாகப் புடைக்கும். கிளையை வெட்டாமல் அதை எடுக்க முடியாது. ஆர்க்கிட் பட்டைக்கு மேலே மட்டும் உட்காருகிறது. உள்ளே ஒரு நூல் அளவு வேர்கூடப் போவதில்லை. மழைநீரும், பட்டை இடுக்கில் சேரும் தூசியும் மக்கிய சருகும்தான் அதன் சாப்பாடு. நெம்பியவுடன் சுலபமாக வந்ததே, அதுவே சாட்சி. அன்றைக்கு அது என் கண் முன்னால்தான் நடந்தது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்து அன்னை பூக்களுக்கெல்லாம் பெயர் வைத்தபோது, ஆர்க்கிட்டுக்கு இறைவன்மேல் கொண்ட பற்று என்ற பொருளில் பெயர் வைத்தார். பிடித்துக்கொள்வதற்கும் அன்புக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதால், நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

வேர் சொல்கிற கணக்கு

அதற்குப் பிறகு நான் வளர்த்தது வேறு விதம். முதலில் வேரைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆர்க்கிட் வேரின் மேல்தோல் செத்த செல்களால் ஆன பஞ்சு. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்து வெள்ளி போல் தெரியும். நனைந்தால் நீர் ஏறி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். பச்சை என்றால் தண்ணீர் வேண்டாம், வெள்ளி என்றால் வேண்டும். இவ்வளவுதான் பாடம். இதைக் கோகோபீட்டில் புதைப்பது, மூக்கைத் துணியால் கட்டுவது போல. ஆலம் விழுது மண்ணைத் தேடி இறங்கும். இந்த வேர் மண்ணைக் கேட்பதே இல்லை.

டென்ட்ரோபியம்தான் எனக்கு முதலில் பூத்தது. கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகச் சொருகி வைப்பார்களே, அது. வெயில் ஊரில் தொடங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. சின்னத் தொட்டி, கையில் அடங்குகிற அளவு. அடியில் ஓட்டாஞ்சில்லு, மேலே கரி. கரிக்கு நான் எங்கும் அலைவதில்லை, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் பத்து ரூபாய்க்கு வாங்குவதுதான். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டுகளை வெட்டக் கூடாது; அவை சேமிப்பு, சில சமயம் அவற்றிலிருந்தும் பூ வரும். நான் முதல் செடியில் ‘சுத்தம்’ செய்துவிட்டு ஒரு வருடம் பூவை இழந்தேன்.

ஆனால் இந்த ஊரில் ஆர்க்கிட் வளர்க்கும் எல்லோருக்கும் பொதுவான எதிரி வெயிலன்று, தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் டீ திரிகிறது. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தேன், ஆயிரத்தைத் தாண்டியது. கரி அந்த உப்பை இழுத்து வைத்துக்கொள்ளும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூத்து, வேர் முனை கருகத் தொடங்கிய பிறகுதான் விழித்தேன். வடகிழக்குப் பருவமழையில் மூன்று டிரம் பிடித்து, கொசு வராமல் துணி கட்டி வைக்கிறேன். அது மாசி வரை வரும். அதன்பிறகு ஏசித் தண்ணீர். ஆம், அதே ஏசிதான். மொட்டுகளைக் கொன்ற அந்தப் பெட்டி இப்போது கோடை இரவுகளில் பின்பக்கக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு பக்கெட் நிரப்புகிறது. மீட்டரில் அதன் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உரம் என்றால் வாரம் ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19, லிட்டருக்கு அரை கிராம். அம்மா அரிசி கழுவிய தண்ணீரைத் தன் பங்குக்கு ஊற்றுகிறாள். எறும்பு வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். முருங்கைக்கு ஊற்றினால் வராதா என்கிறாள்.

வாண்டாவை வாசல் வேப்பமரத்தில் கட்டினேன். காலை வெயில் நான்கு மணிநேரம் விழும் பக்கம், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. பழைய பருத்திப் புடவையின் கரையைக் கிழித்துக் கட்டியது அம்மாவின் யோசனை. பிளாஸ்டிக் கயிறு வேரை அறுக்கும், துணி இரண்டு வருடத்தில் தானே மக்கும், அதற்குள் அது பிடித்துக்கொள்ளும். கட்டியது புரட்டாசிக் கடைசியில். பருவமழை முழுவதும் அதற்குக் கிடைக்க வேண்டுமே. முதல் வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாவது மழையில் பச்சை முனையோடு ஒரு வேர் பட்டை வெடிப்புக்குள் நுழைந்தது. இலை கரும்பச்சையானால் நிழல் அதிகம், மஞ்சள் ஓடிய பச்சையானால் சரி என்பதெல்லாம் பார்த்துப் பார்த்து வந்தது. கோடையில் சில நாள் மேல்காற்று அடித்து, கடற்காற்று மாலை வரை ஏறாது. அன்றைக்கு மட்டும் இரண்டு வேளை தண்ணீர். மற்ற நாளில் ஒரு வேளை, அதுவும் காலையில். இருட்டுவதற்குள் வேர் வெள்ளியாகிவிட வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தோப்புக்குப் போய் மரத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வர வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசு போன்றது, தனக்கென்று உணவுச் சேமிப்பு இல்லாதது. சரியான பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். மரத்தில் நீங்கள் பார்க்கும் ஒரு செடி பல வருடத்து அதிர்ஷ்டம். நர்சரியில் கேட்டால் வளர்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

2023 வைகாசியில் இலைக் கணுவிலிருந்து ஒரு தண்டு வந்தது. ஐந்து பூ. பழுப்பும் பச்சையும் கலந்த இதழ், நடுவில் நீலமோ ஊதாவோ என்று சொல்ல முடியாத ஒரு நாக்கு. காலை எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் வாசனை வந்தது, பழ வாசனை போல ஒன்று. நான் அம்மாவைக் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனேன். ஒரு எண்ணம் மனதில் இருந்தது, சொல்லவில்லை. அந்த மாமரத்தடியில் அறுபது வருடம் நெல் காயவைத்தவள், வத்தல் போட்டவள் அவள். நுகர்ந்து பார்த்துவிட்டு, “அட, நம் மரத்தில் வருமே, அந்த வாசனை” என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

முக்காலியில் ஏறி நின்று நுகர்ந்தாள். “நம் மாமரத்தில் இப்படி ஏதாவது வந்ததாம்மா?” என்று கேட்டே விட்டேன். யோசித்தாள். “அந்த மரத்திலா? மாம்பூ வாசனை வரும், செவ்வெறும்பு கடிக்கும். வேறென்ன வரும்?” என்றாள். பிறகு, “சாமிக்கு வைக்கலாமா இதை?” என்று கேட்டாள். செடியிலேயே இருந்தால் இரண்டு மூன்று வாரம் இருக்கும் என்றேன். “பறிக்காத பூ எதற்கு?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தண்டில் நான்கு பூதான் இருந்தது. ஐந்தாவது, பூஜையறையில் முருகன் படத்துக்குச் சொருகியிருந்தது. அங்கேயும் ஆறு நாள் வாடவில்லை.